வரிசைக்கு வராதவர்கள்: கேரளப் பஞ்சாயத்துகளும் நலவாழ்வு ஏற்றத்தாழ்வும்

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பவை ஐந்து. 2023-ஆம் ஆண்டுக்கான மாதிரிப் பதிவு அறிக்கை கேரளத்துக்குத் தரும் கணக்கு இது. இந்தியாவின் சராசரி 25. அமெரிக்காவையே முந்திவிட்டோம் என்று அந்த மாநிலத்து அமைச்சர்கள் மேடையில் சொல்கிறார்கள். சொல்லிக்கொள்ளத் தக்க எண்தான். ஆனால் கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாகப் போனால் எல்லை தாண்டியதும் வருகிற அட்டப்பாடியும் கேரளம்தான். அங்கே 2013-இல் ஆதிவாசிக் குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. எடை குறைந்து பிறந்தவை, ரத்தசோகை கொண்ட தாய்மாருக்குப் பிறந்தவை. அட்டப்பாடியின் அகளியில் அமைச்சர்களின் கார்கள் நின்றன, நிதி அறிவிப்புகள் வந்தன, பத்திரிகைகள் எழுதின. மாநிலத்தின் சராசரி மட்டும் அசையவே இல்லை. முப்பதாயிரம் பேர் கொண்ட ஒரு மக்கள்கூட்டத்தின் துயரம் மூன்றரைக் கோடிப் பேரின் சராசரியில் கரைந்துபோகும்.

நலவாழ்வு ஏற்றத்தாழ்வு என்று ஆய்வாளர்கள் சொல்வது இதைத்தான். ஒரே மாநிலம், ஒரே அரசு, ஒரே சுகாதாரத் துறை. ஆனாலும் சிலர் முன்கூட்டியே சாகிறார்கள், சிலர் கூடுதலாக நோயில் கிடக்கிறார்கள். நிலம், கூலி, வீடு, தண்ணீர், சாதி, ஆஸ்பத்திரிக்கு உள்ள தூரம், போய்வர ஆகும் ஒரு நாள் கூலி எல்லாம் சேர்ந்து இந்த வித்தியாசத்தை உண்டாக்குகின்றன. இவற்றில் டாக்டரின் கைக்கு எட்டுவது மிகக் குறைவு. தன் அறைக்கு வெளியே வரிசையில் நிற்பவரை அவர் பார்க்கிறார். வரிசைக்கே வராதவர் யார், ஏன் வரவில்லை என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. அது வார்டு உறுப்பினருக்குத் தெரியும், அங்கன்வாடி ஆசிரியைக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். உள்ளாட்சிக்கு நலவாழ்வில் என்ன வேலை என்ற கேள்விக்கு என் பதில் இந்த ஓர் இடத்தில்தான் தொடங்குகிறது. கேரளம் முப்பது ஆண்டுகளாக இதைச் செய்துபார்த்திருக்கிறது. சில இடங்களில் பலித்தது, சில இடங்களில் பலிக்கவில்லை. பலிக்காத இடங்களும் கவனிக்க வேண்டியவை.

1992-இல் நிறைவேறிய 73, 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் எல்லா மாநிலங்களுக்கும் பொதுவானவை. பஞ்சாயத்துகளுக்குத் தரத்தக்க 29 துறைகளின் பட்டியலில் சுகாதாரமும் ஆஸ்பத்திரிகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் இடம்பெற்றிருக்கின்றன. ஆனால் தரலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, தந்தே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. பெரும்பாலான மாநிலங்கள் குப்பையையும் தெருவிளக்கையும் குடிநீர்க் குழாயையும் கொடுத்துவிட்டு மற்றவற்றைத் தம்மிடமே வைத்துக்கொண்டன. கேரளம் 1994-இல் தன் பஞ்சாயத்துச் சட்டத்தை இயற்றி, 1995 அக்டோபரில் நிறுவனங்களையே மாற்றிக் கொடுத்தது. ஆரம்ப சுகாதார நிலையம் கிராம பஞ்சாயத்துக்கு வந்தது. சமூக சுகாதார நிலையம் வட்டாரப் பஞ்சாயத்துக்கும், மாவட்ட ஆஸ்பத்திரி மாவட்டப் பஞ்சாயத்துக்கும் போயின. மருத்துவக் கல்லூரிகள் மாநிலத்திடம் இருந்தன. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஈ. கே. நாயனார் அரசு மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத்தின் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கப்பட்டது. பொறுப்பு, நிறுவனம், பணம் மூன்றும் ஒன்றாக இறங்கியதுதான் இதில் முக்கியம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் காகிதம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு கோணலும் இருந்தது, இன்றும் இருக்கிறது. டாக்டரின் சம்பளமும் இடமாற்றமும் பதவி உயர்வும் மாநிலச் சுகாதாரத் துறையிடம். கட்டடம், கூடுதல் மருந்து, தற்காலிக ஊழியர், ஆய்வகக் கருவி ஆகியவை பஞ்சாயத்திடம். மருத்துவம் படித்தவரை, எட்டாவதோ பத்தாவதோ படித்த தலைவர் கேள்வி கேட்பதா என்ற முணுமுணுப்பு முதல் நாளிலிருந்தே உண்டு. தொடக்க ஆண்டுகளில் பணத்தில் நல்ல பங்கு சுற்றுச்சுவராகவும் தரையோடாகவும் முடிந்தது. எந்த ஊர்த் தலைவருக்கும் திறப்புவிழாக் கல்வெட்டு மீது ஆசை இருக்கத்தானே செய்யும். ஆனாலும் ஒன்று நடந்தது. மருந்து இல்லை, டாக்டர் இல்லை என்ற புகார் தலைநகருக்குப் போகும் மனுவாக இல்லாமல், தினமும் எதிர்ப்படும் ஒரு மனிதரிடம் கேட்கக்கூடிய கேள்வியாக மாறியது. அடுத்த தேர்தலில் அவருக்கு அது உறைக்கும்.

இந்த அதிகாரம் வெளியார் ஒருவரோடு கைகோத்தபோது என்ன ஆனது என்பதற்கு வலி தணிப்புச் சிகிச்சையைவிட நல்ல உதாரணம் இந்தியாவில் இல்லை.

1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் எம். ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் ஆகிய மருத்துவர்களும் அவர்களின் நண்பர்களும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். புற்றுநோய் முற்றி, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பப்பட்டவர்களின் வலியைத் தணிப்பது அதன் வேலை. வெளிநோயாளர் பிரிவில் கூட்டம் வந்தது. சில ஆண்டுகளில் அவர்களுக்கு ஒன்று புரிந்தது. வந்தவர்கள் எல்லாம் வண்டி பிடிக்கக் காசும் தூக்கிவர ஆளும் உள்ளவர்கள். மிக மோசமான நிலையில் இருந்தவர்கள் வீட்டில் கிடந்தார்கள். எனவே 1990-களின் இறுதியில் மலப்புரம் மாவட்டத்தில் நிலம்பூர் போன்ற ஊர்களில் வேலையைத் திருப்பிப்போட்டார்கள். டாக்டரை மையமாக வைக்காமல் ஊராரை மையமாக வைத்தார்கள். பதினாறு மணி நேர வகுப்பும் களப்பயிற்சியும், அதன்பின் வாரத்தில் இரண்டு மணி நேரம். அவ்வளவுதான் ஒரு தொண்டரிடம் கேட்கப்பட்டது. ஆசிரியர்கள், கடைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். மளிகைக்கடை மேசையில் உண்டியல், பள்ளிக்கூடத்தில் நாணய வசூல், ஒரு நாள் ஓட்டத்தின் வசூலைக் கொடுக்கும் பஸ்காரர்கள் என்று பணமும் ஊரிலிருந்தே வந்தது.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். காலையில் சுகாதார நிலையத்திலிருந்து ஒரு ஜீப் புறப்படுகிறது. உள்ளே மூன்று மாதப் பயிற்சி பெற்ற சமுதாய நர்ஸ், ஒரு தொண்டர், அந்த வார்டில் வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளரான ஆஷா ஊழியர். சில நாட்களில் வார்டு உறுப்பினரும் ஏறிக்கொள்கிறார். நர்ஸின் பையில் சிறுநீர்க் குழாய்கள், கையுறைகள், கட்டுத்துணி, உப்புநீர் பாட்டில், மெட்ரோனிடசோல் மாத்திரை. அந்த மாத்திரையைப் பொடித்து அழுகும் புற்றுப்புண்ணின் மேல் தூவினால் நாற்றம் அடங்கும். நாற்றம் அடங்கினால்தான் பேரக்குழந்தைகள் அந்த அறைக்குள் மறுபடி வருவார்கள். இரண்டு ரூபாய் மாத்திரை, ஆனால் அதைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வீட்டுக்கு வரவேண்டும். முடங்கிக் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது எப்படி என்று மருமகளுக்குச் செய்துகாட்டுகிறார்கள். மார்ஃபின் மாத்திரை எத்தனை மிச்சம் என்று எண்ணிக் குறித்துக்கொள்கிறார்கள்.

நர்ஸ் புண்ணைக் கழுவிக்கொண்டிருக்கும்போது மற்ற இருவரும் வீட்டைப் பார்க்கிறார்கள். அரிசி இருக்கிறதா? ரேஷன் அட்டை எந்த நிறம்? மகள் பள்ளிக்கூடம் போகிறாளா, அல்லது அப்பாவைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டாளா? கழிவறைக்கு இரண்டு படி இறங்க வேண்டியிருக்கிறதே, சரிவுப் பாதை வைக்க முடியுமா? முதியோர் ஓய்வூதிய மனு எங்கே சிக்கியிருக்கிறது? இவற்றில் ஒன்றுக்கும் சுகாதாரத் துறையிடம் மருந்து கிடையாது. பஞ்சாயத்திடம் உண்டு. ஓய்வூதிய மனுவை நகர்த்தவும், வீட்டுத் திட்டப் பட்டியலில் பெயர் சேர்க்கவும், சரிவுப் பாதைக்குச் சிறு தொகை ஒதுக்கவும் அதனால் முடியும். நோயாளியின் குடும்பத்துக்கு அரிசிப் பையும் குழந்தைகளுக்குப் பாடப்புத்தகமும் கொடுப்பது கேரளத்தில் வலி தணிப்புச் சிகிச்சையின் பகுதியாகவே ஆகிவிட்டது. கூட்டுச் செயல்பாடு என்ற சொல்லைக் கருத்தரங்குகளில் கேட்டுச் சலித்தவர்கள் இந்த ஜீப்பில் ஒருமுறை ஏறிப் பார்க்கலாம்.

2008-இல் கேரள அரசு வலி தணிப்புக்கென்று ஒரு கொள்கையை அறிவித்தது. இந்திய மாநிலங்களில் அதுவே முதல். ஊரகச் சுகாதார இயக்கத்தின் உதவியோடு ஒவ்வொரு உள்ளாட்சியும் ஒரு வீட்டுப் பராமரிப்புத் திட்டம் போடவேண்டும் என்று ஆயிற்று. நர்ஸின் சம்பளம், வண்டி, மருந்து ஆகியவை பஞ்சாயத்தின் திட்ட நிதியிலிருந்து. 2010-இல் எகனாமிஸ்ட் ஆய்வுப் பிரிவு நாற்பது நாடுகளை இறுதிக்காலப் பராமரிப்பில் தரவரிசைப்படுத்தியபோது இந்தியா கடைசி இடத்தில் நின்றது. அதே அறிக்கை கேரளத்தை மட்டும் தனியே எடுத்துப் பாராட்டியது. நாட்டின் மக்கள்தொகையில் 3 சதவீதம் கொண்ட மாநிலம், நாட்டின் வலி தணிப்புச் சேவைகளில் மூன்றில் இரண்டு பங்கை வழங்கியது.

இதில் ஒரு சச்சரவும் உண்டு. பஞ்சாயத்து நுழைந்ததும் தொண்டர்களின் உற்சாகம் குன்றிவிட்டது, மாதம் ஒருமுறை வண்டி வந்துபோவதே சேவை என்று ஆகிவிட்டது என்று பழைய தொண்டர்கள் சிலர் குறைப்படுகிறார்கள். குறையில் உண்மை இருக்கிறது. ஆனாலும் நான் பஞ்சாயத்தின் பக்கம். உண்டியல் பணம் எங்கே நிரம்பும்? வளைகுடாப் பணம் வரும் ஊரில், சங்கங்கள் வலுவாக உள்ள ஊரில். மலைச்சரிவில் நாற்பது குடிசைகள் மட்டும் உள்ள இடத்தில் உண்டியல் காலியாகத்தான் இருக்கும். தொண்டு, தொண்டர்கள் உள்ள இடத்துக்குத்தான் போகிறது. எல்லா வார்டுக்கும் போயே ஆகவேண்டும் என்ற கட்டாயம் வரிப்பணத்துக்கு மட்டுமே உண்டு. ஏற்றத்தாழ்வைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் இந்த இரண்டும் சேராமல் காரியம் ஆகாது.

யார் ஏழை என்று கண்டுபிடிப்பது இதைவிடக் கடினமான வேலை. இங்கேயும் கேரளத்தில் ஒரு நகராட்சிதான் வழிகாட்டியது. 1990-களின் தொடக்கத்தில் ஆலப்புழையில் யுனிசெஃப் உதவியோடு நடந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், வருமானத்தைக் கேட்டு ஏழையைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை விட்டார்கள். வருமானத்தை யாரும் உண்மையாகச் சொல்வதில்லை, சொன்னாலும் சரிபார்க்க முடியாது. அதற்குப் பதிலாகக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்பது விஷயங்களை வைத்தார்கள். சரியான வீடு இல்லை, கழிவறை இல்லை, பக்கத்தில் குடிநீர் இல்லை, வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் இருக்கிறார், சம்பாதிப்பவர் ஒருவர்தான், இரண்டு வேளைச் சோறே பாடு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கிறார்கள், குடிக்கு அடிமையானவர் இருக்கிறார், பட்டியல் சாதி அல்லது பழங்குடிக் குடும்பம். இவற்றில் நான்கு பொருந்தினால் அந்தக் குடும்பம் ஆபத்தில் இருக்கிறது. கணக்கெடுத்தவர்கள் அதே தெருப் பெண்கள். பக்கத்து வீட்டில் அடுப்பெரிகிறதா இல்லையா என்பதை அவர்களிடம் யாரும் மறைக்க முடியாது.

அங்கிருந்துதான் குடும்பஸ்ரீ என்ற மகளிர் அமைப்பு வளர்ந்தது. 1998 மே மாதம் மலப்புரத்தில் பிரதமர் வாஜ்பாய் தொடங்கிவைத்தார். தெரு அளவில் அயல்கூட்டம், வார்டு அளவில் ஒரு மன்றம், பஞ்சாயத்து அளவில் ஒரு சங்கம் என்று மூன்று அடுக்கு. பஞ்சாயத்தின் வார்டு வரைபடமும் குடும்பஸ்ரீயின் அமைப்பும் ஒன்றோடொன்று பொருந்துவதுதான் இதன் பலம். பிற மாநிலங்களின் மகளிர் குழுக்கள் பெரும்பாலும் வங்கியையும் மாவட்ட அலுவலகத்தையும் பார்த்து நிற்கின்றன; குடும்பஸ்ரீ பஞ்சாயத்தைப் பார்த்து நிற்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சில நாட்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமுதாயச் சமையலறைகள் எழுந்ததற்கு இந்தப் பொருத்தம்தான் காரணம். யாருக்குச் சோறு போகவேண்டும் என்ற பட்டியலை யாரும் புதிதாகத் தயாரிக்க வேண்டியிருக்கவில்லை.

அதே வழியில் பின்னர் 64,006 குடும்பங்கள் கடும் வறுமையில் இருப்பதாகக் கண்டறிந்தார்கள். உணவு, உடல்நலம், வருமானம், வீடு ஆகிய நான்கும் அளவுகோல். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனித் திட்டம் எழுதப்பட்டது. ரேஷன் அட்டையும் ஆதாரும் இல்லாததால் எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்கள் அவர்களில் இருந்தார்கள். அட்டை இல்லாதவருக்கு இலவச மருந்தும் எட்டாது. 2025 நவம்பர் 1 அன்று கடும் வறுமை ஒழிந்துவிட்டதாக முதலமைச்சர் பினராயி விஜயன் அறிவித்தார். பொருளாதார அறிஞர்கள் சிலரும் ஆதிவாசிச் செயல்பாட்டாளர்களும் அதை ஏற்கவில்லை. அறிவிப்பைப் பற்றி எனக்கும் ஐயம் உண்டு. கண்டுபிடித்த முறையைப் பற்றி ஐயம் இல்லை.

சிறிய விஷயமாகத் தோன்றும் இன்னொன்று, ஆஸ்பத்திரி திறந்திருக்கும் நேரம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் மதியம் வரைதான் என்றால் கூலிக்காரருக்கு அது பூட்டிய ஆஸ்பத்திரி. அரை நாள் கூலியை விடுவதா, தனியார் கிளினிக்குக்கு மாலையில் போவதா என்ற கணக்கில் தனியார் கிளினிக் ஜெயித்துவிடும். மருத்துவத்துக்குச் சொந்தப் பையிலிருந்து தலைக்கு மிக அதிகம் செலவிடும் மாநிலங்களில் கேரளம் ஒன்றாக இருப்பதன் காரணங்களில் இதுவும் உண்டு. 2017-இல் தொடங்கிய ஆர்த்ரம் இயக்கத்தில் சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார நிலையங்களாக மாற்றியபோது மாலை ஆறு மணி வரை டாக்டர் இருக்கவேண்டும் என்றார்கள். அதற்குக் கூடுதல் டாக்டர் வேண்டும், மருந்தாளர் வேண்டும், ஆய்வக ஊழியர் வேண்டும். மாநிலம் கொடுத்த பணியிடங்கள் போதாத இடங்களில் பஞ்சாயத்துகள் தம் பணத்தில் ஆள் வைத்தன. நிதி வலுவில்லாத பஞ்சாயத்துகள் திணறின. அதிகாரத்தைக் கீழே கொடுத்தால் பணக்கார ஊருக்கும் ஏழை ஊருக்கும் இடைவெளி விரியவும் கூடும். மேலிருந்து வரும் நிதி ஏழை ஊருக்குக் கூடுதலாக வராவிட்டால் அப்படித்தான் நடக்கும்.

வார்டுதோறும் சுகாதாரக் குழு ஒன்றும் உண்டு. வார்டு உறுப்பினர் தலைவர். ஆண்டுக்கு இருபத்தைந்தாயிரம் ரூபாய். தேசியச் சுகாதார இயக்கம் பத்து, மாநிலத்தின் துப்புரவு அமைப்பான சுசித்வ மிஷன் பத்து, உள்ளாட்சி ஐந்து ஆயிரம் என்று மூன்று பைகளிலிருந்து வருகிறது. மழைக்கு முன் கொசு வளரும் சிரட்டைகளைக் கவிழ்ப்பதும் கிணறுகளில் குளோரின் போடுவதும் இதன் வேலை. சொல்ல அவ்வளவு ஒன்றும் இல்லை, ஆனால் டெங்குவும் எலிக்காய்ச்சலும் ஆண்டுதோறும் வரும் மாநிலத்தில் இது இல்லாமல் முடியாது.

இனிப் பலிக்காத இடங்கள்.

வார்டு உறுப்பினர் தன் வாக்காளரை அறிவார் என்றேன். வாக்காளர் அல்லாதவரை? பெரும்பாவூரின் பிளைவுட் ஆலைகளில் வேலை செய்யும் அசாமியரும் வங்காளிகளும் ஒடியாக்காரர்களும் அந்த ஊர்ப் பட்டியலில் இல்லை. அவர்களுக்காக மாநில அரசு 2017-இல் ஆவாஸ் என்ற காப்பீட்டைக் கொண்டுவந்தது. ஆனால் ஓர் அறையில் பத்துப் பேர் படுத்திருக்கும் கட்டடத்தின் கழிவறையைப் பற்றிக் கேள்வி கேட்க உள்ளூர் அரசியலில் யாருக்கும் அவசரம் இல்லை. அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர் வாக்காளர், உள்ளே இருப்பவர் வாக்காளர் அல்லர்.

மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளருக்கு வாக்கு உண்டு, தமிழ் பேசும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் உண்டு. ஆனால் 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டையும் மருத்துவத்தையும் முதலாளியின் பொறுப்பாக வைத்தது. நிலமும் நிறுவனத்தினுடையது. ஒழுகும் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைவீட்டில், பஞ்சாயத்துப் பணத்தைப் போட நினைத்தாலும் அந்தச் சொத்துரிமை குறுக்கே நிற்கும். நிறுவனம் செய்யாது, பஞ்சாயத்தால் செய்ய முடியாது. இன்னும் உள்ளே போனால் இடமலக்குடி. முதுவர் பழங்குடியினருக்காக 2010-இல் அமைந்த, கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து. அதன் அலுவலகம் பல ஆண்டுகள் நடந்தது காட்டுக்கு வெளியே, தேவிகுளத்தில். ஒரு கையெழுத்துக்கு மக்கள் காட்டைக் கடந்து வந்தார்கள்.

அட்டப்பாடிக்குத் திரும்புகிறேன். அகளி, புதூர், சோலையூர் என்று மூன்று பஞ்சாயத்துகள். இருளர், முதுகர், குறும்பர் வாழும் நூற்றுத் தொண்ணூற்றுச் சொச்சம் ஊர்கள். கொட்டத்தறையில் பழங்குடியினருக்கென்றே ஒரு சிறப்பு ஆஸ்பத்திரி, அகளியில் ஒரு சமூக சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலையங்கள், அங்கன்வாடிகள், பழங்குடி நலத் துறை, குடும்பஸ்ரீயின் தனித் திட்டம். நிறுவனங்களுக்குக் குறைவில்லை. காகிதத்தில் பார்த்தால் கேரளத்திலேயே கூட்டாளிகள் அதிகம் உள்ள இடம் இதுதான். 2013-க்குப் பிறகு சமுதாயச் சமையலறைகள் வந்தன, கர்ப்பிணிகளைப் பதிவு செய்து தொடர்ந்து பார்க்கும் ஏற்பாடு வந்தது, பரம்பரை ரத்த நோயான அரிவாள் செல் நோய்க்குப் பரிசோதனை வந்தது. பலன் இல்லை என்று சொல்வது நியாயமாகாது. ஆனாலும் 2021 நவம்பரில் சில நாட்களுக்குள் அடுத்தடுத்துக் குழந்தைகள் இறந்து அட்டப்பாடி மறுபடி செய்தியானது. சிக்கலான பிரசவம் என்றால் இன்றும் மலையிறங்கி மன்னார்க்காட்டுக்கோ திருச்சூருக்கோ கோவைக்கோதான் போகவேண்டும்.

ஏன் இப்படி? ஒவ்வொரு துறையும் தன் பதிவேட்டை வைத்துக்கொண்டு தன் மேலதிகாரிக்குப் பதில் சொன்னது. அந்தப் பதிவேடுகளை ஒரே மேசையில் வைத்து, இந்த ஊரில் இந்தப் பெண் ஏழு மாதம், இவளுக்கு என்ன தேவை என்று கேட்கும் அதிகாரம் பஞ்சாயத்துக்குக் கிடைக்கவில்லை. பழங்குடி நிதி பழங்குடித் துறையின் வழியாகவே ஓடியது. இது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. 1951-இல் அட்டப்பாடியில் பத்துப் பேரில் ஒன்பது பேர் ஆதிவாசிகள். இன்று பாதிக்கும் குறைவு. நிலம் குடியேறியவர்களிடம் போய்விட்டது. கைமாறிய நிலத்தை மீட்டுத்தர 1975-இல் இயற்றிய சட்டம் பெரும்பாலும் ஏட்டில் நின்றது. ராகியும் சாமையும் தினையும் துவரையும் விளைந்த மலைச்சரிவு கையைவிட்டுப் போனதும் சாப்பாடு ரேஷன் அரிசியாகச் சுருங்கியது. ரத்தசோகை அங்கிருந்து வருகிறது. சமையலறை வைத்துச் சோறு போடலாம், இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கலாம், இரண்டும் தேவைதான். நிலத்தைத் திருப்பித் தருவது எந்தப் பஞ்சாயத்தின், எந்தத் தொண்டு நிறுவனத்தின், எந்த டாக்டரின் கையிலும் இல்லை. 2017 வாக்கில் தொடங்கிய சிறுதானியக் கிராமத் திட்டம் இந்த முடிச்சைத் தொட்ட ஒரு முயற்சி. பழைய விதைகளும் பழைய பயிர்களும் சில ஊர்களில் திரும்பின. ஆனால் பயிர் செய்ய நிலம் உள்ளவருக்குத்தானே விதை?

கூட்டாளிகள் என்று சொல்லும்போது அந்தக் கூட்டில் உழைப்பவர் யார் என்பதையும் கேட்கவேண்டும். ஜீப்பில் ஏறுபவர், வீடு வீடாகக் கணக்கெடுப்பவர், சமையலறையில் நிற்பவர், கர்ப்பிணியைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறவர் எல்லாரும் பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் ஏழைகள். அரசின் பார்வையில் அவர்கள் ஊழியர்கள் அல்லர், தொண்டர்கள். 2025 பிப்ரவரி 10 அன்று திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் ஆஷா ஊழியர்கள் உட்கார்ந்தார்கள். அப்போது அவர்களுக்கு மாநிலம் தந்த மதிப்பூதியம் மாதம் 7,000 ரூபாய். அவர்கள் கேட்டது 21,000. எட்டு மாதங்களுக்கு மேல் வெயிலிலும் மழையிலும் போராட்டம் நீடித்தது. கடைசியில் ஏறியது ஆயிரம் ரூபாய். இடையில் சில உள்ளாட்சிகள் தம் நிதியிலிருந்து கூடுதலாகத் தருவதாக அறிவித்தன. அதில் கட்சி அரசியலும் கலந்திருந்தது, மறுப்பதற்கில்லை. ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் திட்டம் தன் ஊழியருக்கே மருத்துவச் செலவுக்குப் போதாத கூலி கொடுத்தால் அது எந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

தமிழ்நாடு வேறு பாதையில் போனது. 1939-இலேயே பொதுச் சுகாதாரச் சட்டம், பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகம், கிராம சுகாதார செவிலியர், 1990-களில் மருந்து வாங்கிக் கொடுக்க ஒரு தனிக் கழகம். மேலிருந்து கீழே நேராக இறங்கும் வலுவான துறை. 2020-இல் குழந்தை இறப்பு 13 என்பது நாட்டின் சராசரியில் பாதிக்கும் குறைவு; பஞ்சாயத்துகள் கையில் ஆஸ்பத்திரி இல்லாமலேயே எட்டிய இடம் இது. அதனால் கேரளத்தைப் பார்த்து எல்லாவற்றையும் ஊராட்சியிடம் கொடுத்துவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இன்று நோயின் தன்மை மாறியிருக்கிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பக்கவாதமும் முதுமையும் ஊசி போட்டு முடிகிற காரியங்கள் அல்ல. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அதைப் புரிந்துகொண்டுதான் வீட்டுக்கே மாத்திரையையும் இயன்முறைச் சிகிச்சையையும் கொண்டுபோகிறது. 2024-இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. அதன் தன்னார்வலர்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள். அவர்கள் கணக்குக் கொடுப்பது சுகாதாரத் துறைக்கு. ஊராட்சித் தலைவர் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறார்.

அவரை உள்ளே கொண்டுவரப் புதிய சட்டம் வேண்டியதில்லை. கிராம சுகாதாரம், குடிநீர், துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஊராட்சித் தலைவரும் கிராம சுகாதார செவிலியரும் சேர்ந்து கையெழுத்திட்டால் செலவிடக்கூடிய ஒரு சிறு தொகையும் அதற்கு உண்டு. மாத்திரை கொண்டுபோகிற தன்னார்வலர் வீட்டில் பார்ப்பதை, அதாவது இடிந்த கழிவறையை, நின்றுபோன ஓய்வூதியத்தை, தண்ணீர் ஏறாத குழாயை, மாதம் ஒருமுறை அந்தக் குழுவின் முன் வைத்தால் பாதி வேலை நடந்துவிடும். ஆனால் அதற்குத் தலைவர் என்று ஒருவர் இருக்கவேண்டும். 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் வரை தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளே இல்லை. 2025 ஜனவரி 5 அன்று 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்ததும் நிர்வாகம் மறுபடி தனி அலுவலர்களிடம் போனது. தனி அலுவலர் என்பவர் வட்டார வளர்ச்சி அலுவலர். ஒன்றியத்தின் எல்லா ஊராட்சிகளின் கோப்புகளும் அவர் மேசைக்கே வருகின்றன. தன்னார்வலர் பதிந்த ரத்த அழுத்த அளவு அன்று மாலைக்குள் சென்னையில் தெரிகிறது. அதே வீட்டுக் கழிவறையின் படிகளைப் பற்றி யாரிடம் சொல்வது என்று அவருக்குத் தெரியாது.